பாணந்துறை வாதமும் துக்க நிவிர்த்தியும்

இலங்கையிற் கொழும்புக்குத் தெற்கே கடற்கரையிலுள்ள பாணந்துறையில், 1873-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26, 28-ம் தேதிகளிற் பௌத்தருக்கும் கிறிஸ்தவருக்கும் ஒரு பெருவாதம் நிகழ்ந்தது. பௌத்தர் பொருட்டு மீகெட்டுவத்தே குணானந்த தேரரும், கிறிஸ்தவர் பொருட்டு வெஸ்லியன் சபைப் பாதிரியார் டேவிட் டி சில்வாவும் சிங்கள மொழியில் வாதித்தனர். இரண்டாம் நாளிற் சிறிமான்ன என்னும் உபதேசியார் பாதிரியார் பக்கத்தே நின்று பேசினர். ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தனர்.

பாதிரியார் முதற்கண் எடுத்தது ஆன்மாவைக் குறித்த வினாவே. நிலைபெற்ற ஆன்மா இல்லையென்பதும், ஐந்து கந்தங்களும் மரணத்திற் கலைந்தொழியும் என்பதும் பௌத்தர் கோட்பாடாயின், இப்பிறப்பில் தீவினை செய்தான் ஒருவனும், மறுபிறப்பில் அதன் பயனை நுகர்வான் வேறொருவனும் ஆவரன்றோ? நுகர்வோன் வேறாயின் நீதி யாண்டையது? தேரர், மறுபிறவி எய்துவது அவனேயும் அல்லன், பிறனும் அல்லன் என விடுத்தனர். பின்னர் விவிலிய நூலை எடுத்து, மனிதனைப் படைத்தமைக்கு மனம் வருந்தினார் என்று அந்நூலே கூறும் கடவுள் முற்றுணர்வுடையராதல் எங்ஙனம் என்று மடக்கினர்.

பாதிரியார் பாளி வாக்கியங்களை மிகுதியாக எடுத்துக்காட்ட, கேட்போருட் பலர்க்கு அவை விளங்கவில்லை. தேரரோ எளிய சிங்களத்திற் பேசிக் கூட்டத்தைத் தம் வயமாக்கினர். ஊரார் ஆரவாரத்தைக் கொண்டு உண்மை துணியப்படுவதன்று. ஆயினும் இருவர் வினாவும் வெற்று வினாக்கள் அல்ல. பௌத்தர் துக்கத்துக்கு வேர் வேட்கை என்றும், அதனைத் தன் முயற்சியால் அறுத்தலே நிருவாணத்துக்கு வழியென்றும் கொள்வர். கிறிஸ்தவர் பாவமே வேரென்றும், மனித முயற்சி போதாமையின் சிலுவையில் உயிர்விட்ட இயேசுவின் கிருபையாலே இரட்சிப்பு என்றும் கொள்வர். முன்னவரிடத்துத் துன்புறுவோன் யாவன் என்பதும், பின்னவரிடத்துத் துன்பமுள்ள உலகை நல்லோனாகிய இறைவன் படைத்ததென்னை என்பதும் இடர்ப்பாடு.

உயிர் அநாதி, மலமும் அநாதி; மலத்தை இறைவன் படைத்தானல்லன், அதனை நீக்குதற்கே உடலும் உலகும் தந்தான் என்னும் சித்தாந்தத்தில் இவ்விரண்டு இடரும் எழா. அருணந்தி சிவாசாரியார் சித்தியார் பரபக்கத்திற் பௌத்தரை மறுக்குங்கால், அவர் கொள்கையை அவர் கூற்றாகவே முன்னர் வைத்துப் பின்னரே மறுத்தனர். பாணந்துறையில் இந்நெறி பெரிதும் பேணப்பட்டிலது.

வாதச் செய்தி ஆங்கிலத்தில் அச்சாகி அமெரிக்காவுக்கும் சென்றது. கர்னல் ஆல்காட் அதனைப் படித்து 1880-ல் இலங்கை வந்து, மே 25-ம் தேதி காலியிற் பஞ்சசீலம் ஏற்றனர். மறு ஆண்டில் அவர் இயற்றிய பௌத்த வினாவிடை, பாதிரிமாரின் ஞானோபதேச நூல்களைப் போலவே வினாவும் விடையுமாக அமைந்தது. நாவலர் பெருமானும் சைவ வினாவிடைக்கு அம்முறையையே கொண்டனர். ஆல்காட் நூலிலும், மறுபிறவி எய்துவோன் யாவன் என்னும் அப்பழைய வினா இடம்பெற்றுள்ளது.