சூப்பர் பாண்டரோசா: அடுத்த லென்ஸ் வாங்கும் முன் ஒரு பழைய கேமராவின் கதை

மிரர்லெஸ் கேமரா வாங்கின எல்லாருக்கும் மூணாவது மாசம் ஒரு கேள்வி வரும். கூட வந்த கிட் லென்ஸ் போதலை, அடுத்து எது? கடையில விலையைக் கேட்டா ஒரு பைக்கே வாங்கிடலாம் போல இருக்கும். அப்போ யாராவது ஒரு நண்பர் சொல்வார்: "பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ் ஒண்ணு எடுத்து அடாப்டர் போட்டுக்கோ, மேனுவல் ஃபோக்கஸ் கத்துக்கோ." இது உருப்படியான யோசனையா, இல்ல பழசு மேல இருக்கிற மோகமா?

இதுக்கு நான் இன்னைக்கு ரிவ்யூ சொல்லப் போறதில்லை. மெட்ராஸில் வாழ்ந்த ஒருத்தரோட கேமராவைப் பற்றிச் சொல்லப் போறேன். அவர் பேர் மா. கிருஷ்ணன்.

ஒரு உடம்பு, வேற ஒரு கண்

கிருஷ்ணன் 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தவர். அப்பா அ. மாதவையா, 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய நாவலாசிரியர். கிருஷ்ணனுக்கு 13 வயசு இருக்கும்போதே அப்பா காலமாகிவிட்டார். மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜில் தாவரவியல் படித்தார், பிறகு சட்டம் படித்தார். 1942-இல் இன்றைய கர்நாடகத்தில் உள்ள சண்டூர் சமஸ்தானத்துக்கு வேலைக்குப் போனார். வாத்தியார் வேலையிலிருந்து நீதிபதி வேலை வரைக்கும் அங்கே பார்த்திருக்கிறார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் மெட்ராஸுக்குத் திரும்பி மயிலாப்பூரில் குடியேறினார். அதுக்கப்புறம் எழுத்தும் படமும்தான் வாழ்க்கை. 1950-இல் 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் ஆரம்பித்த இயற்கைப் பத்தியை 1996-இல் இறக்கும்வரை, 46 வருஷம், விடாமல் எழுதினார். 1960-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழிலும் நிறைய எழுதியிருக்கிறார். 'மழைக்காலமும் குயிலோசையும்', 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்று இரண்டு தொகுப்புகள் இருக்கு.

இப்போ கேமராவுக்கு வருவோம். ஈ. பி. ஜீ என்று ஒரு ஆங்கிலேயர், அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டம் பார்த்தவர், பெரிய இயற்கை ஆர்வலர். தங்கக் குரங்கின் அறிவியல் பெயரிலேயே அவர் பெயர் இருக்கு. 1964-இல் வந்த 'தி வைல்ட் லைஃப் ஆஃப் இந்தியா' என்ற புத்தகத்தில் அவர் கிருஷ்ணனின் கேமராவைக் கண்டு ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறார். உடம்பு ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் வேறு கம்பெனி, மிச்ச உதிரி பாகங்கள் எங்கெங்கிருந்தோ வந்தவை. எல்லாத்தையும் கிருஷ்ணனே சேர்த்துப் பொருத்தியிருந்தார். நடுவுல ஷூ லேஸ் வச்சுக் கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை என்கிற மாதிரி ஜீ கிண்டல் பண்றார். அந்தக் கருவிக்குக் கிருஷ்ணன் வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. பெயரைக் கேட்டாலே எடை தெரியுது, இல்லையா? ஆனா அதே ஜீதான், இந்தியக் காட்டுயிர்களின் மிகச் சிறந்த படங்களில் சில அந்த ஒட்டுக் கருவியிலிருந்துதான் வந்தன என்றும் எழுதுகிறார்.

ஏன் ஒருத்தர் இப்படிச் செய்யணும்? அந்தக் காலத்து நிலைமை அப்படி. 1950-களின் கடைசியில் நாட்டில் அந்நியச் செலாவணி நெருக்கடி. கேமரா, லென்ஸ் எல்லாம் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் தொடங்கப்பட்டாலும் 'இண்டு' ஃபிலிம் வெளிவர 1967 ஆனது. அதுவும் ஃபிலிம்தான், லென்ஸ் இல்லை. எழுதிப் பிழைக்கிற ஒருவர் கையில் கிடைத்ததை வைத்துத்தான் வேலை பார்க்கணும்.

அந்த ஒட்டு எப்படி வேலை செய்தது?

இங்கே கொஞ்சம் இன்ஜினியரிங் பேசுவோம். எந்த லென்ஸுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஃபிலிமுக்கும் லென்ஸ் மாட்டுகிற வளையத்துக்கும் நடுவே இருக்கிற தூரம் சரியா அமையணும். அது ஒரு மில்லிமீட்டர் கூடினால்கூட தூரத்து மலை தெளிவா விழாது. 300 மி.மீ. மாதிரி நீண்ட லென்ஸ்களுக்கு ஒரு வசதி இருக்கு. லென்ஸின் கண்ணாடிகளுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே நிறைய வெற்றிடம் இருக்கும். அந்த இடத்தில் நாமே செய்த குழாயைப் பொருத்தி, வேறு கம்பெனி கேமராவில் மாட்ட முடியும். வைட் லென்ஸில் இது நடக்காது. அது ஃபிலிமை ஒட்டி உட்காரணும், இடமே இருக்காது. கலப்புக் கேமராவில் மாட்டியிருந்தது டெலி லென்ஸ் என்பது தற்செயல் இல்லை.

எஸ்.எல்.ஆர். கேமராவில் ஃபிலிமுக்கு முன்னாடி ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆடும். அதுக்கு இடம் விடணும். அதனால நிக்கான் எஃப் மவுண்டில் அந்தத் தூரம் 46.5 மி.மீ., பழைய எம்42 திருகு மவுண்டில் 45.46 மி.மீ. 2008-இல் பானசோனிக் ஜி1 வந்தபோது அந்த ஆடும் கண்ணாடியைத் தூக்கிட்டாங்க. பேரே மிரர்லெஸ். இப்போ சோனி இ மவுண்டில் அந்தத் தூரம் 18 மி.மீ., நிக்கான் இசட்டில் 16 மி.மீ. ஒரு எம்42 லென்ஸை சோனியில் மாட்ட 45.46-இல் 18 கழிச்சா 27.46 மி.மீ. இடைவெளி. அதை நிரப்ப ஒரு உலோக வளையம் போதும். உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் காற்று. கிருஷ்ணன் மயிலாப்பூரில் மெனக்கெட்டுச் செய்ததை இன்னைக்கு நாம ஆன்லைனில் ஆர்டர் பண்றோம்.

ஃபோக்கஸ் என்றால் தூரம்

ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். கிருஷ்ணன் மேனுவல் ஃபோக்கஸை ஒரு கொள்கையா தேர்ந்தெடுக்கலை. அவர் வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி ஆட்டோஃபோக்கஸே கிடையாது. அந்த வசதியோடு விற்பனைக்கு வந்த முதல் சின்னக் கேமரா கோனிகா சி35 ஏஎஃப், 1977-இல். எஸ்.எல்.ஆர்.-இல் அது பரவலானது 1985-இல் மினோல்டா 7000 வந்த பிறகு. பறந்து போற கொக்கை எடுக்கணும்னா இன்னைக்கும் நான் ஆட்டோஃபோக்கஸ்தான் போடுவேன். பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கிற அந்த மென்பொருளை எழுதினவங்களுக்கு ஒரு சக தொழிலாளியா என் வணக்கம்.

ஆனா பழைய லென்ஸில் ஒரு விஷயம் இருக்கு. அதன் வளையத்தில் மீட்டரும் அடியும் செதுக்கியிருக்கும்: 3, 5, 10, 15. நீங்க வளையத்தைத் திருப்பும்போது தூரத்தைப் படிக்கிறீங்க. புது லென்ஸ் பலவற்றில் வளையம் மோட்டாருக்குச் சைகை மட்டும்தான் அனுப்பும், மேலே எண் எதுவும் இருக்காது. அதனால தூரம் என்கிற நினைப்பே நம்மகிட்ட இருந்து போயிடுது.

கணக்கைப் பாருங்க. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 300 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6. பறவை 15 மீட்டரில் இருந்தா, தெளிவா விழுகிற ஆழம் சுமார் 84 செ.மீ. ஒரு மஞ்சள்மூக்கு நாரையின் பெரும்பகுதி அதுக்குள்ள வந்துடும். 10 மீட்டரில் அது 37 செ.மீ. ஆயிடும். 5 மீட்டரில் வெறும் 9 செ.மீ. தூரம் மூணில் ஒண்ணாச்சு, ஆழம் ஒன்பதில் ஒண்ணாச்சு. கிட்டப் போகப் போக வேலை கஷ்டமாகும், பறவையும் பயப்படும்.

வைட் லென்ஸில் இதுக்கு நேர் எதிர். 28 மி.மீ., எஃப் 8, வளையத்தை 3.3 மீட்டரில் வச்சுட்டா சுமார் 1.65 மீட்டரிலிருந்து அடிவானம் வரைக்கும் எல்லாம் தெளிவு. தாம்பரம் மார்க்கெட்டில் நடந்து போய்க்கிட்டே எடுக்கலாம், ஃபோக்கஸை மறந்தே விடலாம்.

அப்போ "எந்த லென்ஸ் வாங்கணும்" என்கிற கேள்வியின் நிஜ வடிவம் இது: நான் எடுக்கப் போற விஷயத்துக்கு எவ்வளவு தூரத்தில் நிற்க எனக்கு உரிமை இருக்கு?

வேடந்தாங்கலில் ஒரு ஒப்பந்தம்

இந்தத் தூரக் கணக்கை லென்ஸ் இல்லாமலேயே போட்டவங்க நம்ம பக்கத்து கிராமத்து ஜனங்க. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்ரோட்டில் திரும்பினா வேடந்தாங்கல். வேடர்களின் தாங்கல் என்று பொருள். தாங்கல் என்றால் சின்ன ஏரி. நம்ம மின்சார ரயில் பாதையில் இருக்கிற பழவந்தாங்கலிலும் அதே சொல்தான்.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம், பறவை போனால் விளைச்சலும் போகும். 1798-இல் பிளேஸ் ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். இங்கே யாரும் பறவையைச் சுடக் கூடாது என்கிற உறுதிப் பத்திரம். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. கிருஷ்ணன் இந்த ஊரைப் பற்றித் தமிழில் எழுதியது சும்மா இல்லை. ஜனங்க கரையில், பறவைகள் ஏரிக்குள் நிற்கிற மரங்களில். நடுவே தண்ணீர். நாம இன்னைக்கும் கரையில் நின்றுதான் பார்க்கிறோம். அந்த இடைவெளி காப்பாற்றப்பட்டதால்தான் 200 வருஷத்துக்கு மேல ஆகியும் அங்கே படமெடுக்க ஏதோ இருக்கு.

1998-இல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. ஆரம் வரை சரணாலயமாக அறிவித்தார்கள். 2020-இல் அதை 3 கி.மீ. ஆகக் குறைக்கும் முன்மொழிவு வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதுவும் தூரத்தைப் பற்றிய சண்டைதான்.

நமக்குப் பக்கத்தில் பள்ளிக்கரணையும் அப்படித்தான். 2022-இல் ராம்சார் தகுதி கிடைத்த சதுப்பு நிலம். துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் போனா ரெண்டு பக்கமும் தெரியும். ஒரு பக்கம் ஐ.டி. கட்டடம், இன்னொரு பக்கம் நீலத் தாழைக்கோழி. நல்ல படத்துக்காகச் சேற்றில் இறங்கிக் கூட்டுப் பக்கம் போற ஆட்களை அங்கே பார்க்கிறேன். அவங்களுக்குத் தேவை இன்னும் நீண்ட லென்ஸ், இல்லைன்னா இன்னும் சின்னதா பறவை விழுகிற படத்தை ஏத்துக்கிற மனசு. பறவை சின்னதா விழுந்தா அது உட்கார்ந்திருக்கிற கோரையும் தண்ணியும் படத்துக்குள் வரும். அது எந்த ஊர்ப் பறவைன்னு பார்க்கிறவருக்குத் தெரியும்.

கையில் எடுத்தா என்ன செய்யணும்?

பழைய லென்ஸ் வாங்குறீங்கன்னா முதல்ல டார்ச் அடிச்சு உள்ளே பாருங்க. நம்ம கடலோர ஈரத்துக்குச் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை பிடிச்சிருக்கும். பிடிச்சிருந்தா வேண்டாம். வாங்கினதைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்க. கேமரா மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்பதை ஆன் பண்ணுங்க, இல்லைன்னா பட்டன் வேலை செய்யாது. பாடியில் ஸ்டெபிலைசேஷன் இருந்தா லென்ஸ் எத்தனை மி.மீ. என்று நீங்களே எண் கொடுக்கணும். ஃபோக்கஸ் பீக்கிங் காட்டுற கலர் கோட்டை முழுசா நம்பாதீங்க. அது ஓரங்களின் கான்ட்ராஸ்டைத்தான் கண்டுபிடிக்குது. அப்பெர்ச்சர் அகலமாத் திறந்திருக்கும்போது, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கண்ணில் ஃபோக்கஸ் வைங்க.

முதல் ரெண்டு வாரம் ஒரே பயிற்சி. ஒரு பறவையைப் பார்த்ததும் வளையத்தைத் தொடாம, தூரத்தை வாயால் சொல்லுங்க. "பன்னிரண்டு மீட்டர்." அப்புறம் வளையத்தைத் திருப்பி எண்ணைப் பாருங்க. ரெண்டும் பொருந்த ஆரம்பிக்கும்போது, பறவை வந்து உட்காரப் போகிற கிளைக்கு முன்கூட்டியே ஃபோக்கஸ் வச்சுட்டுக் காத்திருக்க வந்துடும். அதுக்கு அந்தக் கிளை எதுன்னு தெரியணும், அந்தப் பறவை எப்போ வரும்னு தெரியணும். 1968-இல் நேரு ஃபெல்லோஷிப் கிடைத்ததும் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைக் காடு காடாகப் போய்க் கணக்கெடுத்தவர் கிருஷ்ணன். 1975-இல் அது புத்தகமாக வந்தது. யானை எங்கே நிற்கும் என்று தெரிந்துகொண்ட ஒருவருக்கு, ஒட்டுப் போட்ட கறுப்பு வெள்ளைக் கேமரா போதுமா இருந்திருக்கு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுவரைக்கும், கொஞ்சம் தள்ளியே நில்லுங்க.