சாரம்: கட்டடத்திலிருந்து வகுப்பறைக்கு

ஆசிரியர் பயிற்சிகளில் ‘ஸ்கஃபோல்டிங்’ என்ற சொல் இன்று தாராளமாகப் புழங்குகிறது. கொத்தனார் பேச்சில் இது சாரம். சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் கட்டி, பலகை போட்டு, மேலே நின்று பூச்சுவேலை பார்ப்பார்களே, அதேதான். அந்த ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது.

கற்றல் ஆய்வில் இந்தச் சொல்லை நிலைநிறுத்தியது 1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் எழுதிய கட்டுரை. 3, 4, 5 வயதுக் குழந்தைகள் 30 பேர், 21 மரக்கட்டைகளைப் பொருத்திப் பிரமிடு கட்டினார்கள். உடனிருந்தவர் ராஸ். குழந்தையால் முடிந்ததை அதன் போக்கிலேயே விட்டுவிட்டு, தடுமாறும் இடத்தில் மட்டும் உதவினார். மூன்று வயதினரை வேலைக்குள் இழுப்பதே பெரும்பாடு. நான்கு வயதினருக்கு வாய்ச்சொல்லால் திருத்தம் தேவைப்பட்டது. ஐந்து வயதினரோ, செய்து முடித்துச் சரிதானா என்று பார்க்க மட்டும் அவரை நாடினார்கள். உதவி படிப்படியாகக் குறைந்த இந்தக் காட்சிதான் சொல்லின் உயிர்.

பாடநூல்கள் பலவும் இதை உளவியலாளர் வைகோட்ஸ்கியின் பெயரில் எழுதுகின்றன. அந்தக் கட்டுரையில் அவர் பெயரே இல்லை. சாரத்தையும் வைகோட்ஸ்கியின் கருத்தையும் இணைத்தவர் கோர்ட்னி காஸ்டன், 1979இல்.

1991இல் ஜேனட் கோலோட்னர் ‘ஜர்னல் ஆஃப் தி லேர்னிங் சயின்சஸ்’ இதழைத் தொடங்கினார். உளவியலாளரும் கணினி ஆய்வாளரும் மானிடவியலாளரும் ஒரே வகுப்பறையை ஆராய வந்தார்கள். ‘கற்றல் அறிவியல்’ தனித் துறையானது. சாரமும் கணினித் திரைக்குப் போனது. மென்பொருளில் தோன்றும் குறிப்புப் பெட்டிக்கும் அதே பெயர். ஆனால் அந்தப் பெட்டி தெரிந்த பிள்ளைக்கும் தெரியாத பிள்ளைக்கும் ஒன்றையே சொன்னது. கடைசி நாள்வரை அங்கேயே இருந்தது. விலகாத உதவியைச் சாரம் என்று அழைக்கலாமா என்று 2004இல் அதே இதழில் ராய் பீ கேட்டார். மறு ஆண்டு சதனா புந்தாம்பேகரும் ரோலண்ட் ஹப்ஷரும், குழந்தையின் நிலையைக் கண்டறிவதும் உதவியை விலக்குவதும் காணாமல் போயின என்று எழுதினார்கள். அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. சாரத்தைப் பிரிக்காத வீட்டில் யாரும் பால் காய்ச்சுவதில்லை.

ஆசிரியர்களே, பயிற்சித்தாளில் குறிப்புகளை அச்சிடும்போது, எந்தப் பிள்ளைக்கு எப்போது அவற்றை எடுக்கப் போகிறீர்கள் என்றும் எழுதி வையுங்கள்.