டிராபண்ட்: வீட்டுக்குள் ஒரு உதிரிபாகக் கிடங்கு

பெர்லின் சுவரைப் பற்றிப் படித்திருப்போம். அந்தச் சுவருக்குக் கிழக்கே ஒரு சாதாரணக் குடும்பம் எப்படிக் காலம் தள்ளியது என்று யாராவது கேட்டால், நான் சொல்வது டிராபண்ட் காரின் கதையைத்தான்.

கிழக்கு ஜெர்மனியின் ஸ்விக்காவ் நகரில் 1957-ல் தயாராகத் தொடங்கிய கார் இது. எஃகுத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் பருத்திக் கழிவையும் ஒருவகைப் பிசினையும் சேர்த்து அழுத்திய பலகையால் மேற்கூட்டைச் செய்தார்கள். அது துருப்பிடிக்காது; ஆனால் உள்ளே இருந்த இரும்புச் சட்டம் துருப்பிடித்தது! 1964-ல் வந்த 601 மாடல்தான் அதிகம் ஓடியது. இரண்டு சிலிண்டர், 26 குதிரைத்திறன். பழைய ஸ்கூட்டர் போல பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். ரேடியேட்டர் கிடையாது. டேங்க் எஞ்சினுக்கு மேலே இருந்ததால் பெட்ரோல் தானாகவே இறங்கும், பம்ப்பும் வேண்டாம்.

இவ்வளவு எளிய வண்டி என்றால் வீட்டிலேயே பழுது பார்த்துவிடலாம். பார்த்தும் ஆக வேண்டும். புதுக் கார் வேண்டுமென்று பதிவு செய்தால் 10 ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. உடனே கைக்குக் கிடைக்கும் என்பதால் பழைய கார் புதியதைவிட அதிக விலைக்குப் போனது. பழுது பார்க்கும் கடைகளிலும் காத்திருப்புதான். 'எனக்கு நானே எப்படி உதவிக்கொள்வது?' என்ற பொருளுள்ள தலைப்பில் கார் பழுது நூல் வரிசையே அங்கே வெளிவந்தது. தலைப்பே நிலைமையைச் சொல்லிவிடுகிறது, பாருங்கள்.

கை வேலை தெரிந்தால் மட்டும் போதாதே, சாமான் வேண்டுமே. கடையில் சைலன்சர் வந்திருக்கிறது என்றால் நம் வண்டியின் சைலன்சர் நன்றாக இருந்தாலும் வாங்கிவிட வேண்டும். அடுத்து எப்போது வருமோ! பிளக், ஃபேன் பெல்ட், பிரேக் சாமான் என்று நிலவறையிலும் கொட்டகையிலும் சேர்த்து வைத்தார்கள். தனக்குத் தேவையில்லாததை அடுத்தவரிடம் கொடுத்துத் தேவையானதை வாங்கிக்கொண்டார்கள். தெரிந்தவர்களுக்கென்று கடைக்காரர் மேசைக்கு அடியில் ஒளித்து வைக்கும் பொருளுக்கு 'குனிந்து எடுக்கும் சரக்கு' என்றே பெயர்.

இந்தச் சேமிப்புக்குப் பலன் இருந்ததற்குக் காரணம் உண்டு. 601 மாடல் கால் நூற்றாண்டு பெரிதாக மாறவே இல்லை. மேலை நாட்டார் இதைச் சொல்லித்தான் சிரித்தார்கள். ஆனால் 1970-ல் வாங்கி வைத்த சாமான் பலவும் 1985-ல் வந்த காருக்கும் பொருந்தியது. 80-களில் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறியபோது மின்சாமான்கள் மட்டும் பொருந்தாமல் போயின.

ஒவ்வொரு வீட்டிலும் முன்னெச்சரிக்கையாக இரண்டு மூன்று வாங்கி வைத்தால், உண்மையில் வண்டி நின்றுபோனவனுக்குக் கடையில் ஒன்றும் மிஞ்சாது. அதைப் பார்த்த அவனும் அடுத்த முறை மூன்றாக வாங்குவான். தட்டுப்பாட்டைத் தொடங்கி வைத்தது அரசின் திட்டம். அதை வளர்த்ததில் வீட்டுக் கிடங்குகளுக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. அதற்காக அந்த மனிதர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் நாம் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

1989 நவம்பர் 9 அன்று சுவர் திறந்தது. டிராபண்டுகள் வரிசையாக மேற்கே போன காட்சியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1990 ஜூலை 1 முதல் மேற்கு ஜெர்மனி நாணயமே கிழக்கிலும் செல்லும் என்றானது. மக்கள் மேலை நாட்டுப் பழைய கார்களை வாங்க, எத்தனையோ டிராபண்டுகள் தெருவோரம் கைவிடப்பட்டன. காலமெல்லாம் அலைந்து சேர்த்த சாமான் சில மாதங்களில் வெறும் பழைய இரும்பு. 1991 ஏப்ரல் 30-ல் உற்பத்தியும் நின்றது. மொத்தம் 30 லட்சத்துக்கும் மேல் தயாராகியிருந்தன.

ஜெர்மனியில் இன்றும் 30,000-க்கும் மேற்பட்ட டிராபண்டுகள் பதிவில் இருக்கின்றன. அவற்றுக்கான உதிரிபாகங்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆர்டர் கொடுத்தால் தபாலில் வீட்டுக்கே வந்துவிடுகிறது.