சந்தனக் கல்லும் தைலக் குப்பியும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் பெருவழியில், நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் ஹெப்பகோடி இருக்கிறது. பொம்மசந்திரத் தொழிற்பேட்டையை அடுத்த ஊர். 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ ரயிலும் இங்கு நின்று செல்கிறது. ஆலை வேலையை நாடி வந்து குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் மிகுதி. அவர்கள் இல்லங்களில் பூசை மாடத்தில் சந்தனமும் கற்பூரமும், மருந்துப் பெட்டியில் நீலகிரித் தைலமும் இல்லாமல் இரா. மன அமைதிக்கும் நல்லுறக்கத்துக்கும் என்று விற்கப்படும் சிறு நறுமணத் தைலக் குப்பிகளும் அண்மைக் காலத்தில் அவற்றோடு சேர்ந்துகொண்டன. இக்குப்பிகளின் வரலாற்றில் பெங்களூருக்குத் தனியிடம் உண்டு.

மேற்கு மலையின் சந்தனம் தமிழகத்துக்குப் புதிதன்று. புகார்த் துறைமுகத்துக்கு வந்த பண்டங்களுள் அதனையும் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. மைசூர்ச் சீமையில் திப்பு சுல்தான் 1792-இல் சந்தன மரத்தை அரசுக்கே உரியதாக்கினார். அதன்பின் நெடுங்காலம் மரமாகவே அது ஏலம் விடப்பட்டது. முதல் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் அதனைப் பெரிதும் வாங்கியோர் ஜெர்மானிய வணிகர். நம் காட்டு மரம் கப்பலேறிச் சென்று, அங்கே தைலமாக வடிக்கப்பட்டு, பன்மடங்கு விலை பெற்றது.

1914-இல் போர் மூண்டது, அவ்வாணிகம் அற்றது. வெட்டிய மரம் கிடங்குகளில் தேங்கியது. இந்நெருக்கடியே தொழிலுக்கு வித்தாயிற்று. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில் விசுவேசுவரய்யா திவானாக இருந்த காலம் அது. தொழில்துறையை நடத்திய ஆல்பிரட் சாட்டர்டன், மரத்தை இங்கேயே வடித்தால் என்ன என்று ஆராயலானார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வேதியியல் பேராசிரியர்களான சட்பரோ, வாட்சன் ஆகிய இருவரும் நீராவியால் தைலம் வடித்துக் காட்டினர். 1916-இல் பெங்களூரிலும், 1917-இல் மைசூரிலும் அரசுத் தைல ஆலைகள் எழுந்தன. 1918-இல் தொடங்கிய மைசூர் சந்தனச் சோப்பு அத்தைலத்தின் வழி வந்ததே. ஒரு போரினால் ஒரு நாட்டுக்கு விளைந்த நன்மை என்று இதனைச் சொல்லலாமா? தயக்கத்தோடு சொல்லலாம்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 100 கிலோ வைரமரத் தூளிலிருந்து 4 முதல் 6 கிலோ தைலமே கிடைக்கும். அதாவது, ஒரு கிராம் தைலத்துள் ஏறத்தாழ 20 கிராம் மரத்தின் சாரம் அடங்கிக் கிடக்கிறது. நம் பாட்டிமார் கல்லில் நீர் தெளித்து இழைத்த சந்தனம் வேறு. ஆலை வடித்த சொட்டு வேறு. முன்னதற்கு உள்ள நற்பெயரைப் பின்னதற்கு அப்படியே மாற்றிக் கொடுத்ததிலிருந்துதான் தொல்லை தொடங்குகிறது. சந்தனத் தைலத்தை மேகவெட்டை நோய்க்கு உள்மருந்தாக மேனாட்டு மருத்துவர் கொடுத்ததுண்டு. வயிற்று வலியும் சிறுநீரக எரிச்சலும் அம்மருந்தோடு வந்தன. பெனிசிலின் வந்ததும் அது வழக்கொழிந்தது. பிரெஞ்சு வேதியியலார் கட்டபோசே 1937-இல் வெளியிட்ட நூலின் பெயரே ‘அரோமாதெரபி’ என்னும் சொல்லை உலகுக்குத் தந்தது. மணம் முகர்வதால் பதற்றம் ஓரளவு தணிவதாகச் சில ஆய்வுகள் கூறும். நோயைத் தீர்க்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை.

சந்தனத்தைவிட நாம் அஞ்ச வேண்டியவை கற்பூரமும் நீலகிரித் தைலமுமே. சளி பிடித்த கைக்குழந்தையின் மார்பில் கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தடவுவது நம்மிடையே பழகிய கைவைத்தியம். ஆனால் கற்பூரம் தோலின் வழியும் உட்புகும், வலிப்பை உண்டாக்கும். ஒரு கிராம் அளவே சிறு குழந்தையின் உயிரைப் பறித்ததை மருத்துவ ஏடுகள் பதிந்துள்ளன. அமெரிக்க அரசு 1983-இல், எம்மருந்திலும் கற்பூரம் நூற்றுக்கு 11 பங்குக்கு மேற்படலாகாது என வரம்பு கட்டியது. நீலகிரித் தைலத்தை முகர்ந்த பெரியவர்களுக்கும் வலிப்பு கண்டதை, பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர்கள் 2017-இல் எடுத்துக் கூறினர். ஆகவே வலிப்பு நோய் உடையோர் இவ்விரண்டையும் முற்றிலும் விலக்குவதே தக்கது. குழந்தைகளுக்கும் கருவுற்ற மகளிருக்கும் மருத்துவரைக் கேளாமல் எத்தைலமும் வேண்டா.

மற்றையோர் மேலுக்குப் பூசுவதாயின், 10 மில்லிலிட்டர் நல்லெண்ணெய்க்கோ தேங்காயெண்ணெய்க்கோ நான்கு சொட்டு போதும். அதனையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பார்த்த பின்னரே. எலுமிச்சைத் தோலிலிருந்து பிழிந்தெடுத்த தைலத்தைப் பூசி வெயிலில் நின்றால் தோல் கருகும். அடுப்பருகில் எத்தைலமும் ஆகாது, தீப்பற்றும். மரம் அருகி விலை ஏறியதால் சந்தனத் தைலத்தில் கலப்படமும் பெருகியது. மூக்கு அதனைக் கண்டுபிடிக்காது, ஆய்வுக்கூடமே கண்டுபிடிக்கும்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு மற்றோர் இடர் உண்டு. குப்பியின் மேல் எழுத்து கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். கன்னடத்தில் ‘நீலகிரி எண்ணெ’ என்று கேட்ட மாத்திரத்தில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் என மயங்குவோரும் இருக்கலாம். தாய் தந்தை இருவரும் முறை வேலைக்குச் செல்லும் வீட்டில், மூத்த பிள்ளை இளையதற்கு இருமல் மருந்து என எடுத்து ஊட்டிவிட்டால், ஒரு தேக்கரண்டியே பேராபத்து. குப்பியின் மேல் ‘குடிக்கலாகாது’ எனத் தமிழில் எழுதி ஒட்டி, பூட்டிய பெட்டியில் வையுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். தைலம் நுரையீரலுக்குள் ஏறிவிடும். குழந்தையோடு அக்குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். ஊர்தி வேண்டின் 108-ஐ அழையுங்கள். எந்தத் தைலம், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை மருத்துவர் அக்குப்பியைப் பார்த்தே அறிவார்.