முடிவற்ற இணைகளும் முறைவரிசையும்

ஒன்று, இரண்டு, மூன்று என நீளும் எண்களுக்கு முடிவில்லை. அவற்றை இரண்டிரண்டாக இணைத்து, ஓர் இணையும் விடுபடாமல் ஒரே வரிசையில் நிறுத்த இயலுமா? கணிதம் எழுப்பிய இவ்வினா, ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் கணினி மொழிகளிலும் எழுந்தது.

முதல் உறுப்பை 1 என வைத்து இரண்டாம் உறுப்பை மட்டும் மாற்றிச் சென்றால் (1,1), (1,2), (1,3) என முதல் நிரை முடிவின்றி நீளும். (2,1) ஒருபோதும் வாராது. ஜெர்மானியக் கணித அறிஞர் கியோர்க் கான்டோர் 1878-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வழி காட்டிற்று. கூட்டுத்தொகை 2 ஆகும் இணை முதலில், 3 ஆகும் இணைகள் அடுத்து, பின்னர் 4. ஒவ்வொரு தொகைக்கும் உரிய இணைகள் எண்ணி முடியத்தக்கவை. ஆதலின் எந்த இணைக்கும் ஓரிடம் உறுதியாயிற்று.

1976-இல் ஃபிரீட்மன், வைஸ் ஆகியோரின் கட்டுரையும் ஹென்டர்சன், மோரிஸ் ஆகியோரின் கட்டுரையும் வெளிவந்தன. கேட்கும்போது மட்டுமே அடுத்த உறுப்பைக் கணக்கிடும் முறையை அவை விளக்கின. பின்னவர் இருவரும் தம் கட்டுரைத் தலைப்பிலேயே இதற்குச் 'சோம்பல்' என்னும் அடைமொழியைச் சூட்டினர். முடிவற்ற பட்டியலையும் கணினியில் கையாளும் வழி இதனால் தெளிவாயிற்று. ஆயினும் கணக்கைத் தள்ளிவைப்பது ஒன்று, முறையை வகுப்பது மற்றொன்று என்பதை நாம் மறத்தலாகாது.

டேவிட் டர்னர் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர். 1985-இல் அவர் அறிமுகப்படுத்திய மிராண்டா மொழியில், இணைகளை மூலைவிட்ட முறையில் பெறுவதற்கெனவே இரட்டைச் சாய்கோட்டுக் குறி இருந்தது. 1990-இல் முதல் வரையறை கண்ட ஹாஸ்கெல் மொழி மிராண்டாவிடம் பலவற்றைப் பெற்றும் அக்குறியை ஏற்கவில்லை. அதன் இயல்பான பட்டியல் எழுத்துமுறையில் முடிவற்ற இணைகளைக் கேட்போர் முதல் நிரையிலேயே தங்கிவிடுவர். வேறு முறை வேண்டின் தாமே வகுத்தாக வேண்டும்.

ஏபல்சனும் சஸ்மன் இணையரும் எழுதிய புகழ்பெற்ற கணினிப் பாடநூலின் 1996-ஆம் ஆண்டுப் பதிப்பு மற்றொரு வழியைக் கூறுகிறது. முதல் உறுப்பு இரண்டாவதை விஞ்சாத இணைகளை எடுத்துக்கொண்டு, முதல் நிரையிலிருந்து ஒன்று, எஞ்சிய நிரைகளிலிருந்து ஒன்று என மாறி மாறி அடுக்குவது அவ்வழி. இதில் எந்த இணையும் விடுபடாது. ஆனால் முதல் நிரை வரிசையில் பாதியையும், இரண்டாம் நிரை கால் பங்கையும், மூன்றாம் நிரை அரைக்கால் பங்கையும் கொள்கின்றன. விளைவாக (10,10) என்னும் இணை 1023-ஆம் இடத்திற்குத் தள்ளப்படுகிறது. அதே இணைகளைப் பெரிய உறுப்பின் ஏறுவரிசையில் நிறுத்தினால் அது 55-ஆம் இடத்திலேயே வந்துவிடும்.

விடுபடாமை நீதியின் ஒரு பாதியே. உரிய காலத்தில் முறை வருதல் அதன் மறுபாதி. முடிவற்றதைக் கையாள முனைந்தோர் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே.