தாத்தாவின் தஸ்பீஹ் மணி: அம்பரா, பேக்கலைட்டா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் ஒலிமுகமதுபேட்டையிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது அவன் மகள் கல்லூரியில் சேரப் போகிறாள். சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தான். உள்ளே 33 மணி கோத்த தஸ்பீஹ். சில மணிகள் தேன் நிறம், சில மணிகள் வெல்லப்பாகு நிறம். நூல் நைந்து ஒரு மணி தனியாகக் கழன்றிருந்தது.

“டீச்சர், இது அம்பர்னு சொல்றாங்க. இருநூறு வருஷப் பழசுன்னு அம்மா சொல்றாங்க. போட்டோ அனுப்பினேன். ஒருத்தர் லட்ச ரூபா போகும்ங்கிறார். இன்னொருத்தர் வெறும் பிளாஸ்டிக், ஐந்நூறு தரேன்ங்கிறார். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தினா தெரிஞ்சிடுமாமே? ஃபீஸ் கட்டப் பத்து நாள்தான் இருக்கு டீச்சர்” என்றான்.

“முதல்ல அந்த ஊசியைக் கீழே வை” என்றேன்.

நான் அப்படிப் பதறியதற்குக் காரணம் உண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தாத்தா தறியில் நெய்த அம்மாவின் கூறைப்புடவையை, பழைய பட்டு வாங்குகிறவரிடம் போட்டார்கள். அவர் திண்ணையிலேயே கரையில் ஒரு துண்டை வெட்டிக் கொளுத்தினார். சாம்பலில் வெள்ளி மின்னியது. வெள்ளிக்கு உண்டான பணத்தை எண்ணி வைத்தார். அந்தப் பணத்தில்தான் அண்ணன் மேல்படிப்புக்குப் போனான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கரையில் இருந்தது யாளியா அன்னமா என்று இன்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. ஒரு பொருள் எதனால் ஆனது என்று அறிய அதையே எரித்துவிட்டால், மற்ற கேள்விகளுக்கு விடை சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

சரி, அம்பர் என்றால் என்ன? செய்தித்தாளில் அடிக்கடி வரும் திமிங்கல எச்சமான அம்பர்கிரிஸ் வேறு, இது வேறு. இது மரத்துப் பிசின். மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து இறுகியது. ஐரோப்பாவின் பால்டிக் கடலோரத்து அம்பருக்கு வயது 4 கோடி ஆண்டுக்கு மேல். பர்மாவின் ஹூகாங் பள்ளத்தாக்கில் கிடைப்பதற்குச் சுமார் 10 கோடி ஆண்டு. நம் குஜராத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் 5 கோடி ஆண்டு பழைய அம்பர் கிடைத்திருக்கிறது. அதைத் தந்தது நாம் தூபம் போடும் குங்கிலிய மரத்தின் குடும்பம் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். தாலியை விற்றுக் குங்கிலியம் வாங்கிய நாயனார் கதை உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் குங்கிலியத்தின் மூதாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பரைத் துணியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும். அதனால் வடமொழியில் அதற்கு த்ருணமணி, அதாவது புல்மணி என்று பெயர். பாரசீகத்தில் கஹ்ருபா, வைக்கோலைக் கவர்வது. கிரேக்கத்தில் எலெக்ட்ரான். 1600-இல் வில்லியம் கில்பர்ட் இந்தச் சொல்லிலிருந்துதான் ‘எலெக்ட்ரிக்’ என்ற சொல்லை ஆக்கினார். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை இழுக்கச் செய்து காட்டினேனே, அதே பாடம்தான்.

ஆனால் அந்தச் சீப்பு பிளாஸ்டிக் அல்லவா? அதுவும் இழுத்தது. ஆகவே துரும்பை இழுத்தால் அம்பர் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

இங்கேதான் இன்னொருவர் வருகிறார். பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வேதியியல் அறிஞர் லியோ பேக்லண்ட். 1907-இல் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் வினைபுரியச் செய்து, ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாத ஒரு பிசினைச் செய்தார். அதுதான் பேக்கலைட். பழைய கறுப்பு டெலிபோன், மின்சார சுவிட்ச், குக்கர் கைப்பிடி எல்லாம் அந்தக் குடும்பம். அதே பிசினை வேறு பொருள் கலக்காமல் அச்சில் வார்த்தால் தேன்போல ஒளி ஊடுருவும். அந்தக் குச்சிகளைக் கடைசல் பிடித்து மணியாக்கினார்கள். தஸ்பீஹ், ஜெபமாலை, கிரேக்கர்கள் கையில் உருட்டும் கொம்போலோய் எல்லாவற்றிலும் அது ஏறியது. ஃபதுரான் என்று ஒரு பெயர் சொல்லி விற்பார்களே, அதுவும் இந்த ஃபீனால் பிசின் வகைதான்.

நானும் அவனும் அன்று சோதித்த வரிசையைச் சொல்கிறேன். பொருளுக்குச் சேதம் வராததை முதலில் செய்ய வேண்டும்.

முதலில் கண். லென்ஸ் வைத்து மணியின் துளையைப் பார்த்தோம். வெளியே கருத்த தேன் நிறம், துளையின் உட்புறம் வெளிர் மஞ்சள். ஃபீனால் பிசின் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டு மேலே நிறம் ஏறும். துளை ஓரமும் நூல் உரசி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. புதிதாகச் செய்து பழசு என்று விற்கும் மணியில் இந்தத் தேய்மானத்தைத்தான் தேட வேண்டும்.

அடுத்து மூக்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் கழன்ற மணியை நனைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தோம். பழைய ஆஸ்பத்திரி வராண்டாவின் கார்பாலிக் வாசனை வந்தது. அம்பராக இருந்தால் அந்த வாசனை வராது.

மூன்றாவது உப்புத் தண்ணீர். ஒரு டம்ளர் நீரில் இனிமேல் கரையாது என்னும்வரை உப்பைக் கரைத்தோம். அந்த நீரின் அடர்த்தி சுமார் 1.2. அம்பர் 1.05 முதல் 1.1 வரை, ஆகவே மிதக்கும். ஃபீனால் பிசின் சுமார் 1.3, மூழ்கும். மணி நேராக அடியில் போய் உட்கார்ந்தது. (மிதப்பதெல்லாம் அம்பர் அல்ல. இளம் பிசினான கோபாலும் சில பிளாஸ்டிக்குகளும் மிதக்கும். கோத்த மாலையை நனைக்காதீர்கள். சோதித்த மணியை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.)

கடைசியாகத் தெருமுனைக் கடையில் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கில் பிடித்தோம். பால்டிக் அம்பர் அதில் நீலச் சாயலாக ஒளிரும். இது ஒளிரவில்லை. இதற்கு மேலும் சந்தேகம் என்றால் ஆய்வுக்கூடத்தில் அகச்சிவப்புக் கதிர்ச் சோதனை இருக்கிறது, அதிலும் மணி கெடாது.

அவன் முகம் வாடிவிட்டது. “அப்போ பொய்யா டீச்சர்?” என்றான்.

“இருநூறு வருஷம்ங்கிறது தப்பு. 1907-க்கு முன்னாடி இந்தப் பிசினே கிடையாது. ஆனா உங்க தாத்தா எங்கே இருந்தார்?” என்று கேட்டேன். ரங்கூன் மொகல் தெருவில் கடை. 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கடையை விட்டுவிட்டு, காட்டு வழியாக நடந்து வந்தவர். வழியில் எல்லாம் போயிற்று, இடுப்பில் இருந்த தஸ்பீஹ் மட்டும் மிஞ்சியது என்று பாட்டி சொல்வாராம்.

“அந்தக் கதையோட இந்த மணி ஒத்துப்போகுதுடா. அவர் காலத்துல இந்த மணி கடையில வித்த பொருள்தான். நூல் உரசின தேய்மானத்தை யாரும் ஒரு நாள்ல உண்டாக்க முடியாது. பழைய பேக்கலைட்டுக்கும் வாங்குறவங்க இருக்காங்க. விக்கிறதுன்னா பேக்கலைட்னு சொல்லியே வித்துடு. அம்பர்னு சொல்லி வித்தா தாத்தா பேரு கெடும். பிளாஸ்டிக்னு ஐந்நூறுக்குக் கொடுத்தா உனக்குத்தான் நஷ்டம்” என்றேன்.

அவன் விற்கவில்லை. அவன் அக்கா வளையலை அடகு வைத்துக் கொடுத்தாள், பிறகு கல்விக் கடனுக்கும் எழுதிப் போட்டிருக்கிறான். வளையலை மீட்டுவிடலாம். நேற்று போன் செய்தான். புது நூலில் 33 மணியையும் கோத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டானாம். அந்தம்மா ரங்கூன் கதையை முதல்முறையாகப் பேத்திக்கு முழுதாகச் சொன்னாராம். அதை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய மாலையோ புடவையோ பெட்டியோ இருக்கும். எரிக்கவும் குத்தவும் வேண்டாம். முதலில் பெரியவர்களிடம் அது வந்த கதையைக் கேளுங்கள். பிறகு சோதியுங்கள். கதையில் எது நிற்கிறது, எது விழுகிறது என்று கீழே எழுதுங்கள். நானும் படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் டீச்சர், காஞ்சிபுரம்