மூலிகை மருந்தும் சந்தையும்: ஒரு வரலாற்று நோக்கு

மூலிகை மருந்துகள் இயற்கையானவை. எனவே பக்க விளைவற்றவை என்னும் கூற்று இன்று பெருவழக்காகியுள்ளது. மரபின் பெயரால் இதற்கு ஆதாரம் தேடப்படுகின்றது. ஆயின் சித்த மருத்துவ மரபு அவ்வாறு கருதியதில்லை. சேங்கொட்டை, எட்டி, நாபி முதலியவற்றை நஞ்சென அறிந்தே அது சுத்தி முறைகளை வகுத்தது. அளவையும் பத்தியத்தையும் வற்புறுத்தியது.

யாழ்ப்பாண அரசர் காலத்துடன் தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்கள் செய்யுளில் அமைந்தவை. ஒரு மூலிகைக்குப் பல பெயரும், ஒரு பெயருக்குப் பல மூலிகையும் வழங்கும் நிலையில், செய்யுளை மட்டும் கொண்டு மருந்து செய்தல் இயலாது. மூலிகையை இனங்கண்டவரும், மருந்தாக்கியவரும், நோயாளியைப் பார்த்தவரும் பெரும்பாலும் ஒரே கிராமியப் பரிகாரியாக இருந்தமையே காப்பாயிற்று. மருந்து சந்தைப் பண்டமானபோது இவ்வொருமை சிதைந்தது. பறிப்போரும் விற்போரும் உண்போரும் ஒருவரையொருவர் அறியார். அவர்களை இணைப்பது மூலிகையின் பெயர் ஒன்றே.

பெயரை மட்டும் நம்புவதன் விளைவினைப் பெல்ஜிய அநுபவம் காட்டும். 1990களின் தொடக்கத்தில் புறூசெல்ஸ் நகரச் சிகிச்சை நிலையமொன்றில் உடல் மெலிவதற்காக வழங்கப்பட்ட குளிகைகளில், 'பாங்ஜி' எனும் சீன மூலிகைக்குப் பதிலாகப் பெயரொத்த பிறிதொன்று கலந்திருந்தது. அது அரிஸ்டோலோக்கியாப் பேரினத்தைச் சேர்ந்தது. 100க்கு மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதுற்றன. 2000இல் வெளியான ஆய்வின்படி, பழுதுற்ற சிறுநீரகங்கள் அகற்றப்பட்ட 39 பேருள் 18 பேரிடம் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் காணப்பட்டது. 2002இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அப்பேரினத் தாவரங்கள் கொண்ட மருந்துகளைப் புற்றுநோய்க் காரணிகளென வகைப்படுத்தியது.

எனினும், பழியைச் சந்தையின்மேல் மட்டும் சுமத்துதல் பொருந்தாது. நம் மரபில் விடக்கடிக்குக் கொடுக்கப்பட்ட ஈசுரமூலியும், ஆடுதின்னாப்பாலையும் அதே பேரினத்தவையே. ஈசுரமூலிக்குப் பெருமருந்து என்றும் பெயருண்டு. உண்டவுடன் வாந்தியோ மயக்கமோ தருவதைப் பரிகாரியின் அநுபவம் கண்டறியும். பல்லாண்டு கழித்துத் தோன்றும் புற்றுநோயை முன்னர் உண்ட மருந்துடன் தொடர்புபடுத்த அதற்கு வழியிருக்கவில்லை. அதற்குப் பெருந்தொகையினர் பற்றிய பதிவுகளும் ஆய்வுகூடமும் வேண்டும். தலைமுறை தலைமுறையாக உண்டோம் என்பது உடனடித் தீங்கின்மைக்குச் சான்றாகலாம். மெல்லக் கொல்லும் நஞ்சு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

1961ஆம் ஆண்டின் ஆயுள்வேதச் சட்டம் இலங்கையிற் சித்த மருத்துவத்துக்கும் சட்டபூர்வமான இடமளித்தது. அங்கீகாரம் வேறு, பரிசோதனை வேறு. சுத்தி முறைகளை வகுத்தோர் தம் காலத்துக்கு எட்டிய வகையில் மருந்தைச் சோதித்தவர்களே. நம் காலத்துக்கு எட்டிய வகையில் அதனைச் சோதித்து, முடிவை உண்ணும் மக்களுக்கு அறிவித்தலே அம்மரபின் தொடர்ச்சியாகும்.